மடியில் அடங்கும் அளவு

போன குளிர்காலம் முழுக்க எங்கள் லாரியின் பேட்டரி எங்களோடு கூடாரத்துக்குள்தான் படுத்தது. பொழுது சாய்ந்ததும் ஜம்பல் அதைக் கழற்றித் தூக்கி வருவான். அடுப்புக்குப் பக்கத்தில் ஆட்டுத்தோலை விரித்து, பிறந்த பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்துவான். விடிந்ததும் மறுபடி தூக்கிப் போய் மாட்டுவான். என்னை அவன் ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

"உன்னை எதுக்குத் தூக்கணும்? நீதான் கண்ணு முழிச்சதும் தானாவே ஸ்டார்ட் ஆயிடறியே, குலான்" என்றான். என் சத்தத்தைச் சொன்னான். சத்தம் போடாவிட்டால் அவனிடம் ஒரு வேலையும் நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்ன லாரிதான். கொரியாவில் யாரோ ஓட்டிக் களைத்துக் கைவிட்டது, டீசல் வண்டி. கூடாரத்தைப் பிரித்து இடம் மாறுவதும், குடிக்கப் பனிக்கட்டி ஏற்றி வருவதும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை விடுமுறைக்குக் கூட்டி வருவதும் அதில்தான். எங்கள் குளிரில் புது பேட்டரியே இரண்டு குளிர்காலம் தாங்குவது பெரிய விஷயம். எங்களுடையது கிழம். வீட்டு வாசலில் நின்றால் தூக்கி வந்து அடுப்புச் சூட்டில் காட்டலாம், வெட்டவெளியில் நின்றுபோனால் என்ன செய்வது? அதற்காகத்தான் அந்த ஸ்டார்ட்டரை வாங்கப் போனோம். உள்ளே மின்சாரம் ஏற்றி வைத்த, இரண்டு கவ்விகள் உள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். செத்த பேட்டரியில் கவ்வியை மாட்டிச் சாவியைத் திருப்பினால், எஞ்சினைச் சுற்றவைக்கும் முதல் உதையைப் பெட்டி கொடுக்கும்.

இலையுதிர் காலத்தில் ஆடு விற்க நகரத்துக்குப் போயிருந்தோம். ஜம்பலின் அண்ணன் அங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். கணவனின் அண்ணன் பெயரை வாயால் சொல்வது எங்களில் வழக்கமில்லை, அதனால் அத்தான் என்றே சொல்கிறேன். மற்றபடி கெட்ட மனிதர் இல்லை. தம்பி என்றால் உயிர். ஆனால் தமக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் உண்டு என்பதை யாரும் அவரிடம் இதுவரை நிரூபித்ததில்லை.

சந்தையில் கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளையே கடைகளாக்கி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். நாங்கள் போன கடையில் ஒரு பெண் பைன் கொட்டையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே வியாபாரம் பார்த்தாள். என்ன வண்டி, பெட்ரோலா டீசலா, எஞ்சின் எவ்வளவு பெரிது என்று கேட்டாள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆம்பியர் கணக்கை நம்பாதீர்கள், அது ஒரு இமைப்பொழுதுக்குத்தான் வரும், எஞ்சின் சுற்றும் நேரம் முழுக்க வருவது அதில் பாதிகூட இருக்காது என்றாள். டீசல் எஞ்சின் இறுகிக் கிடக்கும், பெட்ரோல் வண்டியைப்போல் இரண்டு மடங்கு உதை கேட்கும். குளிர் ஏற ஏற எண்ணெய் களிம்பாகிவிடும், பெட்டியின் பலமும் வற்றிவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறு என்று போட்ட ஒரு பெரிய பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த பருமன்.

"விக்கிறவ பெரிசைத்தான் காட்டுவா" என்று அத்தான் தம்பியின் காதில் சொன்னார். அது எல்லோர் காதிலும் விழுந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியாக ஒன்றைக் கேட்டாள்.

"இருக்கறதிலேயே மோசமா, எங்க போய் நின்னுபோவீங்க? எந்த மாசம், எவ்வளவு குளிர்ல? அதை வச்சுத்தான் அளவு சொல்ல முடியும்."

கெட்டது நடக்கும் என்று வாயால் சொன்னால் அது நம் வாய் வழியாகவே வழி கண்டுபிடித்து வந்துவிடும் என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். சேணத்தில் ஏறும்போது விழுவதைப் பற்றிப் பேசமாட்டோம். சினை ஆட்டைப் பார்த்துக்கொண்டு குட்டி செத்துப் பிறப்பதைப் பேசமாட்டோம். ஜம்பல் கூரையைப் பார்த்தான். அத்தான் தொண்டையைச் செருமினார். அந்தப் பெண்ணும் எங்கள் ஜனம்தானே, அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

நான்தான் சொன்னேன். "வட்டார ஊருக்குப் போற வழியில, கழுகுக் கணவாய்ல. நடுக் குளிர்காலத்துல, பனிப்புயல்ல."

"வாயைக் கழுவு தங்கச்சி" என்றார் அத்தான். மூன்று முறை தரையில் துப்பினார். ஜம்பலும் துப்பினான். அதோடு அந்தக் கேள்வி முடிந்துபோயிற்று.

பிறகு அத்தான் தம் அங்கியின் மடிக்குள் கைவிட்டார். எங்கள் ஆண்களுக்கு மடிதான் அலமாரி, பீரோ எல்லாம். இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டி, அதற்கு மேலே மார்புப் பக்கம் அங்கியைத் தளர விட்டால் ஒரு பெரிய பை கிடைக்கும். மூக்குப்பொடிக் குப்பி, செல்போன், சீப்பு, உலர்ந்த தயிர்க்கட்டி, பனியில் பிறந்த ஆட்டுக்குட்டி, எல்லாம் அதில்தான் போகும். உடம்புச் சூடு படுவதால் எதுவும் உறையாது. அத்தான் அதிலிருந்து ஒரு சின்ன ஸ்டார்ட்டரை எடுத்தார். எண்ணூறு என்று போட்டிருந்தது. தொட்டுப் பார் என்று தம்பி கையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"குளிர்ல இதெல்லாம் செத்துப்போகும்னு அவளே சொல்றா. அப்ப மடியில அடங்கற அளவுதான் சரியான அளவு. என் காரைத் தினமும் காலையில இதுதான் எழுப்புது."

"அண்ணே, உங்களது பாதி மின்சாரத்துல ஓடற ஜப்பான் கார்" என்றாள் அந்தப் பெண், வாசலில் நின்ற காரைப் பார்த்து. "அதுல இந்தப் பெட்டி எஞ்சினைச் சுத்தறதே இல்ல. உள்ள இருக்கற கம்ப்யூட்டரை எழுப்பிவிடும், அவ்வளவுதான். அதுக்கு இது போதும். டீசலுக்குப் போதாது."

பத்து வருஷமாக ஓட்டும் காரைப் பற்றி ஒரு பெண் பாடம் எடுத்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? அத்தான் முகம் சிவந்துவிட்டது. ஜம்பல் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். சூழ்நிலையைச் சிரிப்பில் கரைப்பது அவன் சுபாவம். பெரிய பெட்டியை எடுத்துத் தன் மடிக்குள் திணித்துக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டினான். எட்டு மாதக் கர்ப்பிணிபோல் இருந்தான். "யாராவது எழுந்து இடம் கொடுங்கப்பா" என்றான். கடைக்காரி சிரித்தாள், அத்தான் சிரித்தார், நானும்தான் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் நான் சொன்னேன். பெரிசையே வாங்குவோம், இரட்டைக் கம்பளியில் வார் வைத்து ஒரு பை தைத்துத் தருகிறேன், உள்ளே ஒரு சூட்டுக்கல்லையும் போட்டுக்கொண்டால் மடியே தேவையில்லை என்றேன். கணவனும் மனைவியும் சேர்ந்து போகும்போது அதை என் வயிற்றில் நானே கட்டிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"என் தம்பி தோள்ல பையை மாட்டிக்கிட்டு ஆடு மேய்க்கணுமா?" என்று கேட்டார் அத்தான். பிறகு தம்முடைய சின்னதைப் போலவே புதிதாக ஒன்றை வாங்கி, வலது கையில் ஏந்தி, இடது கையால் முழங்கையைத் தாங்கி, முறைப்படி தம்பிக்கு நீட்டினார். மூத்தவன் கொடுப்பதைச் சிறிசு என்று சொல்ல எங்களில் யாருக்கும் நாக்கு எழாது. ஜம்பல் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். மடிக்குள் போட்டதும் அது மூக்குப்பொடிக் குப்பியின் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெண் சொன்னது அவனுக்கு விளங்காமல் இல்லை. அவன் காது நன்றாகவே கேட்கும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் தெரியும். அண்ணன் மனம் கோணக்கூடாது என்று வாங்கிக்கொண்டான். இன்றைக்கும் எனக்கு அத்தான் மேல் இருக்கும் கோபத்தைவிட அவன் மேல் இருக்கும் கோபம்தான் பெரிது. செத்தவனிடம் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஆனாலும் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் முதல் உறைபனி விழுந்த காலையில் அதைச் சோதித்துப் பார்த்தான். பேட்டரியை வேண்டுமென்றே இரவு வெளியிலேயே விட்டிருந்தான். கவ்வியை மாட்டித் திருப்பியதும் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு முழுக்க என்னை விடவில்லை. கம்பளிப் பை தைத்தாயிற்றா, கம்பளிப் பை எங்கே என்று கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தான். அந்தப் பெட்டிக்குக் குட்டி என்று பெயரும் வைத்தான். இலையுதிர் காலத்துக் குளிர் எங்களுக்குக் குளிரே இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலை செய்துவிட்ட பொருளை யார் மறுபடி சந்தேகப்படுவார்கள்?

அந்தக் குளிர்காலம் பனிப்பஞ்சமாக வந்தது. முதலில் முழங்கால் உயரப் பனி கொட்டியது. பிறகு நாலைந்து நாள் வெயில் அடித்து மேற்பனி உருகியது. அடுத்த குளிரில் அது இரும்புத் தகடாக இறுகிவிட்டது. ஆடுகள் குளம்பால் கீறிக் கீறிப் பார்த்தன. குளம்பில் ரத்தம் வந்ததே தவிர புல் வரவில்லை. காலையில் கொட்டகைக்குப் போனால் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, நின்ற வாக்கிலேயே செத்திருக்கும். ஒன்றன் வயிற்றிலிருந்து மற்றொன்று கம்பளியைப் பிடுங்கித் தின்றிருக்கும். எங்களிடமிருந்த புல் தீர்ந்துபோயிற்று. வட்டார ஊரில் புல்கட்டு வந்து இறங்கியிருக்கிறது என்று செய்தி வந்ததும் ஜம்பல் கிளம்பினான்.

அவன் வண்டி நகர்ந்ததும், நல்லபடியாகத் திரும்பட்டும் என்று எங்கள் வழக்கப்படி நான் கரண்டியில் பாலை எடுத்து அவன் போகும் திசையில் விசிறித் தெளித்தேன். கண்ணாடியை இறக்கி மடியைத் தட்டிக் காட்டினான்.

"குட்டி இருக்குடி. வாயைக் கழுவிட்டுப் போய் டீ போடு."

மறுநாள் மதியம் வட்டார ஊரிலிருந்து போனில் பேசினான். லோடு ஏற்றியாயிற்று, பொழுது சாயும் முன் வந்துவிடுவேன், எலும்புச் சாறு வைத்து வை என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வடமேற்கே வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. கணவாயில் போன் எடுக்காது. புயல் வந்து எங்கள் கூடாரத்தின் மேல் விழுந்தபோது நான் கயிறுகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். சாறு வைத்த பாத்திரம் அடுப்பில் வற்றியது, தண்ணீர் ஊற்றினேன், மறுபடி வற்றியது.

காற்று ஓய்ந்ததும் பக்கத்துக் கூடாரத்து பூரெவ் தானாகவே இரண்டு குதிரைகளைச் சேணம் பூட்டிக் கொண்டுவந்தான். நேராகக் கணவாய்ப் பாதையில் ஏறினோம்.

கழுகுக் கணவாயின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காற்று குவித்த பனித்திட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு லாரி நின்றது. பனியில் குத்தியதும் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சக்கரங்களைச் சுற்றித் தோண்டியிருந்தான். வண்டிக்கு அடியில் பனி கறுத்துக் கிடந்தது. ஒரே ஒரு புல்கட்டைப் பிரித்து எஞ்சினுக்குக் கீழே எரித்திருக்கிறான், எண்ணெய் இளகட்டும் என்று. மற்ற கட்டுகள் கயிறு அவிழாமல் மேலே இருந்தன. அத்தனை புல்லையும் எரித்திருந்தால் ஒரு ஊரே குளிர்காய்ந்திருக்கலாம். ஆடுகளுக்கு என்று கொண்டுவந்ததை எரிக்க அவனுக்கு மனம் வரவில்லை, அல்லது வண்டி எப்படியும் கிளம்பிவிடும் என்று கடைசிவரை நம்பியிருக்கிறான். மடியில் குட்டி இருக்கிறதே.

அவன் ஓட்டும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். சாவி திருப்பிய நிலையில் இருந்தது. பேட்டரி செத்திருந்தது. இரண்டு கையும் மடிக்குள் இருந்தன. பூரெவ் கைகளை மெல்ல வெளியே எடுத்தான். உள்ளே அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. தோற்றுப்போன பிறகு மறுபடி உடம்பில் வைத்துச் சூடேற்றி, இன்னொரு முறை முயலலாம் என்று காத்திருந்திருக்கிறான். நான் பொத்தானை அழுத்தினேன். நாலு விளக்கில் மூன்று எரிந்தன. எஞ்சின் கேட்டதை அதனால் கொடுக்க முடியவில்லை. அந்த மாதிரிப் பெட்டிகள் தாங்காத சுமை வந்தால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே அணைந்துகொள்ளும். அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

நான் அங்கே கத்தினேன். குதிரைகள் மிரண்டு பின்வாங்கின. வேறென்ன செய்தேன் என்று நினைவில்லை. பூரெவ்தான் அவனைக் குதிரைமேல் ஏற்றிக் கட்டினான்.

லாமா நாள் பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் வந்தார்கள். அத்தான் நகரத்திலிருந்து வந்து, எங்கள் வழக்கப்படி தம்பியின் உடலை மலைச்சரிவில் விட்டு வந்தார். குளிர் எடுத்துக்கொண்டது, பனிப்பஞ்சம் எடுத்துக்கொண்டது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் அவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஆடுகளுக்குத் துக்கம் தெரியாது. தினமும் செத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கான புல் கணவாயில் நின்றது. வட்டார ஊரில் கேட்டால், பாதை திறந்ததும் வண்டி அனுப்பி இழுத்து வருகிறோம் என்றார்கள். பாதை எப்போது திறக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது. அத்தான் கணவாயைத் தொடாத வேறு பாதை வழியாக நகரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். தலையைக் குனிந்துகொண்டே ஒரு பெட்டியை என் முன்னால் வைத்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு என்று எழுதியிருந்தது. அதே கடைக்காரியிடம்தான் வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

அன்று உட்கார்ந்து இரட்டைக் கம்பளியில் பையைத் தைத்தேன், அதற்கு ஒரு பகல்கூட ஆகவில்லை. மறுநாள் காலை அடுப்பில் காய்ந்த கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, பெட்டியையும் வைத்து, பையை என் அங்கிக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டேன். குதிரை ஏறும்போது எட்டு மாதக் கர்ப்பிணிபோல்தான் இருந்தேன். அத்தான் பார்த்தார், பூரெவ் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

கணவாயில், அவன் எரித்த அதே கறுப்புக் குழியில் பூரெவ் சாணி வறட்டியை அடுக்கி மூட்டினான். அத்தான் பேட்டரிக்குப் பக்கத்தில் பனியில் மண்டியிட்டுக் கவ்விகளை மாட்டினார். இரண்டு முறை நழுவ விட்டார். நான் ஏறி, ஜம்பல் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினுக்குள் சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணையும்வரை காத்திருந்தேன். இது கிளம்பக்கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன். இதுவும் தோற்றுப்போனால், எந்தப் பெட்டியாக இருந்தாலும் தோற்றிருக்கும், யார் மேலும் குற்றமில்லை என்று ஆகிவிடும். வீட்டில் ஆடுகள் செத்துக்கொண்டிருக்கும்போது இப்படி நினைத்தேன்.

மிச்சத்தையும் திருப்பினேன். எஞ்சின் கனமாக ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொன்று சுற்றியது, பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். கறுப்புப் புகை கக்கி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கியது.

அத்தான் எழுந்திருக்கவில்லை. வண்டியின் பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்துக்கொண்டு, தலையை அதில் முட்டி முட்டி அழுதார். எஞ்சின் சத்தத்தில் அவர் அழுகை கேட்கவில்லை, தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. தம்பியைக் கொல்ல நினைத்து யார் பரிசு கொடுப்பார்கள்? இருந்தாலும் நான் இறங்கி, காலையில் கிளம்பும்போதே என் மடியில் போட்டு வந்த அந்தச் சின்னப் பெட்டியை எடுத்தேன். கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பார்கள். இரண்டு கையாலும், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி, முறையாக நீட்டினேன்.

"அத்தான், இது உங்க காருக்குச் சரியான அளவு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கினார். பழக்க தோஷம், அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

பூரெவ் முன்னால் தோண்டி வழி விட்டான். நான் முதல் கியரில் போட்டு, புல்கட்டுகளோடு வண்டியை இறக்கினேன். அந்த லாரியில் எஞ்சின் இருப்பது ஓட்டுபவரின் இருக்கைக்கு நேர் கீழே. வீடு வந்து சேரும்வரை அவன் உட்கார்ந்திருந்த இடம் சூடாகவே இருந்தது.